விலை குறைந்த நிலம் ஏன் விலை குறைந்தது: சிறு பண்ணைக்கு வட்டாரம் தேர்ந்தெடுக்கும் முறை

சிறு பண்ணை அமைக்க நிலம் வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நிலத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். விற்பனைக்கு ஒரு நிலம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போய் நிற்கும்போது, மரநிழலும் காற்றும் மனத்தைப் பிடித்துவிடுகின்றன. அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் வாங்குவதற்கு நியாயம் தேடும் கேள்விகளாகவே அமைந்துவிடுகின்றன. வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் வட்டாரம், அடுத்து அந்த வட்டாரத்தில் ஊர், கடைசியாகத்தான் நிலம். நிலத்தில் உள்ள குறையை உழைப்பாலும் பணத்தாலும் ஓரளவு சரிசெய்யலாம். வேலி போடலாம், மேடு பள்ளத்தைச் சமன் செய்யலாம், மண்ணைத் தேற்றலாம். வட்டாரத்தின் குறையைத் தனி ஒருவரால் மாற்ற முடியாது. மழை பெய்யும் மாதங்களும், நிலத்தடியில் கிடக்கும் பாறையும், சந்தைக்குப் போகும் தொலைவும் நாம் வாங்கிய பிறகும் அப்படியேதான் இருக்கும்.

குறைந்த விலையைத் தேடுவதில் தவறில்லை. ஆனால், எந்த வட்டாரத்திலும் நிலம் காரணமில்லாமல் விலை குறைவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். தொலைவு, தண்ணீர்த் தட்டுப்பாடு, மெலிந்த மண், சட்டச் சிக்கல், ஊரைவிட்டு மக்கள் வெளியேறுவது என்று ஏதோ ஒன்று அந்த விலைக்குப் பின்னால் இருக்கும். அந்தக் காரணம் எது என்று கண்டுபிடிப்பதும், அது நம் பண்ணையைப் பாதிக்குமா என்று முடிவு செய்வதுமே வாங்குபவரின் முதல் வேலை. பிறரை விரட்டிய காரணம் நம்மைப் பாதிக்காத இடத்தில்தான் நமக்கு உண்மையான மலிவு கிடைக்கிறது.

தேடுவதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வளர்க்கப் போகிறீர்கள், அதற்கு எத்தனை ஏக்கர் உண்மையில் தேவை, வாரத்தில் எத்தனை நாள் பண்ணையில் இருக்க முடியும், பண்ணை வருமானம் இல்லாமல் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும். இவற்றில் பரப்பளவைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கூட்டிச் சொல்கிறார்கள். காய்கறி பயிரிடும் ஒருவர், கூலியாட்கள் இல்லாமல் தன் குடும்பத்தின் உழைப்பை மட்டும் நம்பினால், ஓர் ஏக்கரைச் சரியாகப் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. கால்நடை மேய்ச்சலுக்கோ மரப்பயிருக்கோ தேவைப்படும் பரப்பு முற்றிலும் வேறு. தேவைக்கு மேல் வாங்கிய ஒவ்வோர் ஏக்கருக்கும் வேலி, வரி, களையெடுப்பு என்று ஆண்டுதோறும் செலவு உண்டு. ஆகவே 10 ஏக்கருக்காகத் தொலைதூரம் போவதைவிட 3 ஏக்கருக்கு நல்ல வட்டாரத்தில் இடம் பிடிப்பது பலருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

விலை குறைந்ததன் காரணத்தைப் பிரித்தறிதல்

ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் சொந்தப் பண்ணை நடத்திய யோஹான் ஹைன்ரிஹ் ஃபொன் ட்யூனன், தம் பண்ணைக் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்து, அவற்றிலிருந்து 1826ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். சந்தையிலிருந்து விலக விலக, விளைபொருளைக் கொண்டுபோகும் செலவு கூடுகிறது. அதனால் நிலத்திலிருந்து கிடைக்கும் ஆதாயமும் நிலத்தின் மதிப்பும் இறங்குகின்றன. பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி விளையும், தானியம் அதற்கு அப்பால் விளையும், மேய்ச்சல் கடைசி வளையத்துக்குப் போகும் என்று அவர் காட்டினார். சாலையும் குளிர்பதன வண்டியும் வந்த பிறகு அந்த வளையங்கள் குலைந்துவிட்டாலும், அடிப்படைக் கணக்கு இன்றும் செல்லும்.

சிறு பண்ணைக்காரருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. கீரையும் பாலும் விற்கப் போகிறவர் தொலைவால் மலிந்த நிலத்தை வாங்கினால் ஒவ்வொரு நாளும் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தேன், விதை, கொட்டை வகைகள், உலர்ந்த மூலிகை, மரம் போன்ற கெடாத பொருளை விளைவிக்கப் போகிறவருக்கு அதே தொலைவு பெரிய சுமை அல்ல. அவர் மாதம் ஒருமுறை வண்டியில் ஏற்றிச் சென்றால் போதும். அதாவது, பிறருக்குக் குறையாகத் தெரிந்த தொலைவு இவருக்கு மலிவாக மாறுகிறது.

காரணங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். தொலைவு, பாழடைந்த வீடு, புதர் மண்டிய நிலம், அமிலத்தன்மை மிகுந்த மண் போன்றவை எளிதில் கண்டறியக் கூடியவை. பணமோ காலமோ செலவழித்தால் சமாளிக்கக் கூடியவை. மண்ணின் ஆழமின்மை, கடும் சரிவு, ஆண்டுதோறும் வரும் வெள்ளம் போன்றவை மாற்ற முடியாதவை. ஆனாலும், பயிரைத் தகுந்தபடி தேர்ந்தெடுத்தால் இவற்றோடு வாழ முடியும். நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே போவது, நச்சுக் கழிவு கலந்த மண், உரிமை வழக்கு ஆகியவை மூன்றாம் வகை. மூன்றாம் வகைக் காரணம் தெரியவந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வட்டாரத்தையோ நிலத்தையோ விட்டு விலகிவிடுங்கள்.

தண்ணீர்

வட்டாரத் தேர்வில் பாதி வேலை தண்ணீரைப் பற்றியதுதான். மீதியெல்லாம் சேர்ந்தே இன்னொரு பாதி. எனவே இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் அது ஏறத்தாழ 4,047 லிட்டர். வெப்பமான, மழையில்லாத பருவத்தில் நன்கு வளர்ந்த காய்கறிப் பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரைச் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்குச் சற்று மேல் தேவை. சொட்டுநீர்க் குழாய் வழியாகப் பாய்ச்சினால் ஏறத்தாழ 90 சதவீதம் வேரைச் சேரும் என்பதால் 22,500 லிட்டர் இறைக்க வேண்டும். வாய்க்கால் வெட்டி வழியவிட்டால் 60 சதவீத அளவே பயன்படும் என்பதால் 33,000 லிட்டரைத் தாண்டிவிடும். நொடிக்கு ஒரு லிட்டர் தரும் கிணற்றை 6 மணி நேரம் இறைத்தால் 21,600 லிட்டர் கிடைக்கும். ஆக, அப்படிப்பட்ட கிணறு ஓர் ஏக்கர் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஏறத்தாழ ஈடுகொடுக்கும். 5 ஏக்கருக்கு ஒருபோதும் காணாது. நொடிக்கு ஒரு லிட்டர் என்பதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 20 லிட்டர் வாளி 20 நொடியில் நிரம்பினால் அதுதான் அந்த அளவு. ஆனால், மோட்டாரைப் போட்டவுடன் அளக்காமல், சில மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்ட பிறகு அளக்க வேண்டும். நிறுத்திய பின் நீர்மட்டம் பழைய இடத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிணற்றை நம்பாமல் மழைநீரைத் தேக்கி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. 120 நாள் வறண்ட பருவம் முழுவதும் ஓர் ஏக்கருக்குச் சொட்டுநீர் கொடுக்க ஏறத்தாழ 2,700 கன மீட்டர் நீர் தேவை. அது 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள குட்டையின் கொள்ளளவு. அந்தக் குட்டையிலிருந்து வெயிலால் ஆவியாகும் நீரையும் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று சேர்த்தால், மேலும் 540 கன மீட்டர் வேண்டும். ஆண்டு மழை 800 மில்லிமீட்டராக இருந்து, அதில் 15 சதவீதம் வழிந்தோடிக் குட்டையைச் சேரும் என்று கொண்டால், அதை நிரப்புவதற்கு 6.5 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பரப்பு தேவைப்படும். மண்ணில் கசிந்துபோகும் நீர் இதில் சேரவில்லை. தேக்கிவைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கான பரப்பையும் சேர்த்து நிலம் வாங்க வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

வட்டார அளவில் நிலத்தடி நீர் எந்தத் திசையில் போகிறது என்பதைத் தனிக் கிணறு காட்டாது. 2002ஆம் ஆண்டு ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், பூமியின் ஈர்ப்புவிசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்து, வடமேற்கு இந்தியா, வட சீனச் சமவெளி, கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு போன்ற பெரும்பரப்புகளில் நிலத்தடி நீர் குறைந்துவருவதை வெளிக்காட்டின. அவற்றின் பார்வை மிக அகலமானது. ஓர் ஊரின் நிலையை அவற்றால் சொல்ல முடியாது. ஊரின் நிலையைச் சொல்பவை நீர்வளத் துறையினர் வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் பதிவுகள். குறைந்தது 10 ஆண்டுப் பதிவைக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் ஆண்டும் வறண்ட பருவத்தின் கடைசி மாத மட்டத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மழைக்குப் பின் வரும் மட்டம் எல்லாருக்கும் ஆறுதல் தரும். கோடைக்கடைசி மட்டமே உண்மையைச் சொல்லும்.

பதிவு கிடைக்காத இடத்தில் கண்ணே கருவி. நான் ஒருமுறை பார்க்கப் போன நிலத்தில் கிணறு ததும்ப நின்றது. மழை ஓய்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எட்டிப் பார்த்தபோது உள்ளே இறங்கிய குழாய் ஒரே குழாயாக இல்லை. மேலே வெளுத்துப்போன பழைய துண்டு, அதன் கீழ் சாம்பல் நிறத்தில் ஒன்று, அதற்கும் கீழே தண்ணீருக்குள் பளபளக்கும் புதிய கறுப்புத் துண்டு. ஒவ்வொரு முறை மட்டம் இறங்கியபோதும் குழாயை நீட்டியிருக்கிறார்கள். பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன். "கடைசித் துண்டு போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, ஐயா" என்றார். விலையைப் பற்றி அதற்கு மேல் நான் பேசவில்லை.

நீரின் அளவோடு அதன் உப்பையும் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் நீரின் மின் கடத்துத்திறனை அளக்கச் சொல்லுங்கள்; நீரில் உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் பயிர்களைத் தவிர மற்றவை திணறும். சோடியத்தின் பங்கையும் சேர்த்து அளக்கச் சொல்ல மறக்க வேண்டாம். உப்பு பயிரை வாட்டும் என்றால், சோடியம் மண்ணின் கட்டமைப்பையே குலைத்து, நீர் உள்ளே இறங்க முடியாதபடி மேற்பரப்பை இறுக்கிவிடும்.

சில நாடுகளில் நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முன்னுரிமை. பிந்தி வந்தவர் பஞ்ச காலத்தில் தன் வரப்பை ஒட்டி ஓடும் நீரைக்கூடத் தொட முடியாது. ஆஸ்திரேலியாவில் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியாக விற்கப்படுகிறது. நீங்கள் வாங்கும் நாட்டில் கிணறு தோண்டவும், ஓடையிலிருந்து இறைக்கவும், குட்டை வெட்டவும் எந்தெந்த அனுமதிகள் வேண்டும் என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்யுங்கள்.

வானிலைப் பதிவை வாசித்தல்

வானிலையாளர்கள் ஒரு வட்டாரத்தின் இயல்பான தட்பவெப்பத்தை 30 ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். இப்போது வழக்கில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம். சராசரியைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். 30 ஆண்டு மழையளவையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழிருந்து 6ஆவது எண்ணைப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த அளவோ அதைவிடக் குறைவாகவோதான் பெய்யும் என்று பொருள். அந்த ஆண்டிலும் பண்ணை பிழைக்குமா என்பதே கேள்வி. இரண்டு வட்டாரங்களில் சராசரி ஒன்றாகவே இருந்தாலும், ஒன்றில் மழை பல மாதங்களில் பரவிப் பெய்யலாம், மற்றொன்றில் நாலைந்து பெருமழையாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடலாம். இரண்டாவது வட்டாரத்தில் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் வரும்.

உயரம் கூடும்போது ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். ஆனால் குளிர்காலத் தெளிந்த இரவுகளில் இது தலைகீழாகிவிடும்; கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி விழும் வட்டாரத்தில் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள மலிவான சமநிலத்தைவிட, சற்று மேலே உள்ள மிதமான சரிவு பழ மரங்களுக்குப் பாதுகாப்பானது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தல்

மண் வரைபடங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. நெதர்லாந்தில் உள்ள ஐஸ்ரிக் நிறுவனம் உலகம் முழுவதற்கும் 250 மீட்டர் கட்டங்களாக மண்ணின் தன்மையைக் கணித்து வெளியிட்டிருக்கிறது. 10 மீட்டர் நுணுக்கத்துடன் படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 2015 முதலான படங்களைப் பார்த்தால், எந்த வயல் கோடையிலும் பச்சையாக இருந்தது, எது மழைக்குப் பின் நாள்கணக்கில் நீர் தேங்கி நின்றது என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வட்டாரங்களைக் கழித்துக் கட்ட இவை மிகவும் உதவும். ஆனால் 250 மீட்டர் கட்டம் என்பது 15 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. உங்கள் 3 ஏக்கர் அதற்குள் எங்கே விழுகிறது என்பதை மண்வெட்டிதான் சொல்லும்.

உரிமையாளரின் அனுமதியோடு, நிலத்தின் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்ந்த மூலையில் ஒன்று என்று மூன்று குழிகளை ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டும்போதே பாதிச் செய்தி கையில் தெரிந்துவிடும். முதல் ஒரு சாண் சுலபமாக வந்து, அதன் பின் மண்வெட்டி 'டங்' என்று தெறித்தால் அங்கே இறுகிய அடுக்கோ பாறையோ இருக்கிறது. குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிவிட்டுப் பார்த்தால் வேர்கள் எந்த ஆழத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடுகின்றன என்பது தெரியும். அந்த ஆழம்தான் உங்கள் உண்மையான நிலம். சாம்பல் நிறத் திட்டுகளும் துருநிறப் புள்ளிகளும் கலந்திருந்தால் அந்த மண் ஆண்டில் பல வாரம் நீரில் மூழ்கியிருக்கிறது என்று பொருள். பிறகு குழியின் அடியில் 30 சென்டிமீட்டர் ஆழச் சிறு பள்ளம் எடுத்து நீரை நிரப்பி, அது வடிந்ததும் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். மறுநாள் காலையிலும் நீர் அப்படியே நின்றால் பழத்தோட்டக் கனவை அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும்.

ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, மூன்று பங்கு நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் படிய ஓரிரு மணி நேரமாகும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். இந்த மூன்று அடுக்குகளின் தடிமனே மண்ணின் அமைப்பைச் சொல்லிவிடும். இது வெறும் வேடிக்கை அல்ல. மணற்பாங்கான மண் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்காகத் தாங்கி வைக்கும். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த நல்ல பசளை மண் அதைப்போல் இரண்டு மடங்கு வைக்கும். நீர் பாய்ச்ச முடியாமல் மோட்டார் பழுதாகிக் கிடக்கும் ஒரு வாரத்தில் இந்த வேறுபாடு பயிரின் உயிரைத் தீர்மானிக்கும்.

மண்ணை மேம்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 790 டன் எடையுள்ளது. அதில் கரிமப் பொருளை ஒரு சதவீதம் கூட்ட, சிதையாமல் நிலைத்து நிற்கும் ஏறத்தாழ 8 டன் சேர வேண்டும். இடுகிற எருவில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் சிதைந்துபோய்விடும் என்பதால், அதைப்போல் பல மடங்கு எருவைப் பல ஆண்டுகள் இட வேண்டியிருக்கும். செய்யக் கூடியதுதான், முதல் ஆண்டிலேயே முடியக் கூடியது அல்ல. பழைய பழத்தோட்டங்களில் ஒரு காலத்தில் தெளிக்கப்பட்ட ஈய ஆர்சனேட்டின் எச்சம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மண்ணில் இருக்கும் என்பதால், அப்படிப்பட்ட இடங்களிலும், தொழிற்சாலைக்கு அருகிலும் கன உலோகச் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சாலை, சந்தை, ஆட்கள்

இங்கே நீண்ட விளக்கம் வேண்டாம். ஒரே ஒரு பயிற்சி போதும். விற்கப்போகும் நாளில், விற்கப்போகும் நேரத்தில், நிலத்திலிருந்து சந்தைக்கு வண்டியில் ஒருமுறை போய்வாருங்கள். 40 கிலோமீட்டர் தொலைவுக்கு வாரம் இரண்டு முறை என்றால் போக வர ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எரிபொருளைவிட அதில் கரையும் நேரமே பெரிய இழப்பு. வழியில் உழவுக் கருவி பழுதுபார்ப்பவர், கால்நடை மருத்துவர், தீவனமும் விதையும் கிடைக்கும் இடம் ஆகியவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒருவரும் விவசாயம் செய்யாத வட்டாரத்தில் நிலம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே இந்த வசதிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டிருக்கும். உங்களைப் போன்ற சிறு பண்ணைக்காரர்கள் நாலைந்து பேராவது பிழைத்துக்கொண்டிருக்கும் வட்டாரமே நல்லது.

பத்திரம்

உரிமைப் பதிவு முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கி உலகின் பல பகுதிகளுக்குப் பரவிய டாரன்ஸ் முறையில், அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. வேறு பல இடங்களில் பதிவு என்பது பத்திரத்தைப் பதிந்துவைப்பது மட்டுமே. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று மூலப் பத்திரம் வரை பின்னோக்கிச் சென்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. எந்த முறையில் வாங்குகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, தரகருக்குச் சம்பந்தமில்லாத வழக்கறிஞர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள்.

பாதை உரிமையைத் தனியாகக் கேட்க வேண்டும். வண்டித் தடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே அதில் செல்ல உரிமை இருக்கிறது என்று ஆகிவிடாது. பக்கத்து நிலம் கைமாறிய மறுநாள் அந்தத் தடத்தில் வேலி எழலாம். வெளிநாட்டவர் வேளாண் நிலம் வாங்கத் தடை, விவசாயி அல்லாதவர் வாங்கத் தடை, பண்ணை நிலத்தில் வீடு கட்டத் தடை ஆகியவையும் பல நாடுகளில் உள்ளன. நில அளவையரை வைத்து எல்லையை அளந்து, கற்களை நேரில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

உண்மையான விலையைக் கணக்கிடுதல்

விற்பவர் சொல்வது ஏக்கர் விலை. நாம் பார்க்க வேண்டியது, பயிரிடக் கூடிய நிலையில் உள்ள ஏக்கரின் விலை. இரண்டு வட்டாரங்களில் இரண்டு நிலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி விலையைப் 'பங்கு' என்ற அலகில் சொல்கிறேன். முதலாவது 10 ஏக்கர், ஏக்கருக்கு 10 பங்கு விலை, மொத்தம் 100 பங்கு. ஆனால் அதில் 4 ஏக்கர் பாறையும் ஓடைக்கரையும். பாதை போட, மின்கம்பம் நட, கிணறு வெட்ட மேலும் 50 பங்கு வேண்டும். ஆக 150 பங்கு செலவில் கையில் கிடைப்பது 6 ஏக்கர்; ஏக்கர் 25 பங்கு. இரண்டாவது 5 ஏக்கர், ஏக்கருக்கு 18 பங்கு, மொத்தம் 90 பங்கு. கிணறும் மின்சாரமும் உண்டு. பழுதுபார்க்க 9 பங்கு. பயிராகும் பரப்பு 4.5 ஏக்கர். ஏக்கர் 22 பங்குதான் விழுகிறது. கேட்டவுடன் ஏறத்தாழ இரு மடங்கு விலையாகத் தெரிந்த நிலமே முடிவில் மலிவானது.

நிலத்தின் வடிவத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். அதே ஏக்கர் 20 மீட்டர் அகலமுள்ள நீண்ட துண்டாக இருந்தால் சுற்றளவு 445 மீட்டர் ஆகிவிடும். வேலிச் செலவு மட்டுமல்ல, பக்கத்து வயலிலிருந்து காற்றில் வரும் களைக்கொல்லி நம் பயிரைத் தொடும் ஓரமும் அந்த அளவுக்குக் கூடும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் நிலத்தில் போட்டுவிட வேண்டாம் என்பதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். நல்ல நிலம் வாங்கிவிட்டுக் குழாய் போடப் பணமில்லாமல் இரண்டு ஆண்டு தரிசாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் அவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். மொத்தத்தில் பாதியை நிலத்துக்கும் மீதியைக் கிணறு, வேலி, கருவி, முதல் இரண்டு ஆண்டு வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்கும் பிரித்து வைப்பது பாதுகாப்பானது.

வாங்குமுன் ஒரு பருவம்

இத்தனையும் பார்த்து இரண்டு மூன்று வட்டாரங்கள் தேறி வந்தால், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு முறை போங்கள். ஒருமுறை வறண்ட பருவத்தின் கடைசி வாரத்தில், இன்னொரு முறை பெருமழை பெய்த மறுநாள். முதல் பயணத்தில் கிணறுகளையும், இரண்டாவதில் மரத்தடிகளில் சேறு படிந்த கோட்டின் உயரத்தையும் பாருங்கள். அந்தக் கோடு முழங்காலுக்கு மேல் இருந்தால் அங்கே கோழிக்கூடும் பொருள் வைக்கும் கொட்டகையும் எங்கே கட்டுவது என்று யோசியுங்கள்.

முடிந்தால் அந்த வட்டாரத்தில் அரை ஏக்கரை ஓர் ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுங்கள். ஆண்டுக் குத்தகை நில விலையில் சிறு பங்காகவே இருக்கும். கிணற்றின் நிலை, களைகளின் வகை, சந்தையில் கிடைக்கும் விலை, பக்கத்து வயல்காரர்களின் குணம் ஆகிய நான்கையும் அந்த ஓர் ஆண்டு உங்களுக்குக் காட்டிவிடும். குத்தகை ஒப்பந்தத்தை வாய்மொழியாக விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிணற்றிலிருந்து, எந்த நாள்களில், எத்தனை மணி நேரம் நீர் எடுக்கலாம் என்பதையும், பயிர் அறுவடைக்கு முன் நிலம் விற்கப்பட்டால் விளைச்சல் யாருக்குச் சேரும் என்பதையும் அதில் தெளிவாகச் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.